வீட்டுக்கு முதுகு காட்டிய எருமை

ஆவடியில் வேலை போய், அம்பத்தூர் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கள்ளிக்குப்பத்தில் ஒரு வாசலில் கூட்டம். மரக்கட்டையில் படம் செதுக்கி அச்செடுக்கும் ஒருவரின் சட்டையை, பால்காரம்மா பிடித்திருந்தாள். அவர் தாடியெல்லாம் மை. அவளுடைய எருமை ரயிலேறி ஊர் சுற்றுவதாக அவர் படம் போட்டாராம். மறுநாளே எருமையைக் காணவில்லை.

"எம் புள்ளைங்களுக்கு அதாய்யா சோறு. நீதான அனுப்ச்சே? திரும்பி வர்ற மாதிரி போடு!"

"போட்டுட்டா போவுது, அக்கா."

எருமையைத் தனிக்கட்டையில் செதுக்கினார். அதில் மை தடவி, ஏற்கெனவே வீடு அச்சடித்திருந்த தாளை, வீட்டுக்குப் பக்கத்தில் எருமை விழும்படி அதன்மேல் கவிழ்த்து, கரண்டியால் தேய்த்தார். தாளை உரிக்கும்முன் கட்டையைத் தட்டி, "எய்ந்துக்கோ தாயே" என்றார். எந்தப் படத்தையும் அப்படித்தான் எழுப்புவாராம். அச்சில் இடம் வலம் மாறிவிடும் என்பதை அவசரத்தில் மறந்திருந்தார்.

"இன்னாய்யா, ஊட்டுக்கு முதுகு காட்டிகினு கீது?"

அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னும் கோவமா கீது, அக்கா. பூந்தமல்லி பக்கமா போவுது பாரு."

அவள் சட்டையை விட்டுவிட்டாள். அவர் தப்பிப்பதற்காகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை, அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி, பூந்தமல்லிச் சாலையில் பால்காரம்மாவுக்காக எருமை தேடும் வேலையில் சேர்ந்தேன்.