காதில் விழும் மரம்

முப்பத்தொரு ஆண்டுகள் பீங்கான் கோப்பைகளைத் தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில், சூளையிலிருந்து இறங்கிய கோப்பையை இடது உள்ளங்கையில் நிறுத்தி, சிறு மரக்குச்சியால் விளிம்பில் ஒருமுறை தட்ட வேண்டும். பழுதற்றது ‘ணங்’ என்று நீண்டு ஒலிக்கும். கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசல் இருந்தாலும் ‘சொத்’ என்று அடங்கிவிடும். நீண்டது வலப்புறம், அடங்கியது இடப்புறம். இந்தத் தீர்ப்பில் நான் அதிகம் தவறியதில்லை.

கிட்டார் வாங்கியபோதும் அவ்வாறே வாங்கினேன். தேவாலயத்தில் சபைப் பாட்டுகளுக்கு இரவல் கிட்டாரில் வாசித்துப் பழகியிருந்த நான், சொந்தமாக ஒன்று வேண்டுமென்று, இருபது ஆண்டுகளுக்கு முன் மனைவியுடன் புதுச்சேரிக் கடையொன்றுக்குச் சென்றேன். மாட்டியிருந்தவற்றின் முதுகுகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தேன். முழுவதும் மஹோகனியால் ஆன ஒன்று அடக்கமாக ஒலித்தது. விரிசல் விட்டது என்று ஒதுக்கினேன்.

“அது மரத்தோட கொணம்ங்க, விரிசல் இல்ல” என்று கடைக்காரர் சிரித்தார். நான் பொருட்படுத்தவில்லை. ஸ்ப்ரூஸ் மர முகமும், கடைகளில் ரோஸ்வுட் என்று சொல்லும் தோதகத்தி முதுகும் கொண்ட வேறொன்று, நல்ல கோப்பையைப் போல நீண்டு ஒலித்தது. அதையே வாங்கினேன்.

அதில் நான் விரும்பியது ஒலியின் வால். பாட்டை முடித்துக் கையை எடுத்த பின்பும் மெல்லிய கம்பிகளின் ஒலி அறையில் சற்றே தங்கியிருக்கும். அடுப்படியில் நிற்கும் மனைவி அது அடங்கும்வரை கரண்டியை அசைக்க மாட்டாள். பேட்டையில் களிமண் அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலைத் தலையில் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறவனுக்கு அந்த இரண்டு மூன்று நொடிகள் போதுமானவையாக இருந்தன.

சென்ற ஆண்டு அந்த வால் அறுந்தது. கம்பிகளை மூன்று முறை மாற்றினேன். பயனில்லை. ஒரு மாலை கிட்டாரைக் கவிழ்த்து முதுகைத் தட்டினேன். ‘சொத்’ என்றது.

“மரம் வெடித்துவிட்டது” என்றேன்.

“நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் எப்பப் பாத்தாலும் எதையாவது தட்டிக்கிட்டே இருக்கீங்க” என்றாள் மனைவி. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இருவரும் மறுபடி புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழங்கள் குவிந்து கிடந்தன. வீணைக்கு ஆகும் பலா மரம் கிட்டாருக்கு ஆகாதா என்று யோசித்தேன்.

அதே கடைக்காரர்தான் இருந்தார், தலை வெளுத்திருந்தது. கிட்டாரின் வாய்க்குள் சிறு கண்ணாடியையும் விளக்கையும் விட்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஐயா, விரிசல் எங்கயும் இல்லீங்க. மரம் இப்பத்தான் நல்லாப் பழுத்து வந்திருக்குது.”

“நான் பீங்கான் தட்டிப் பார்க்கிறவன். எனக்கா தெரியாது?” என்றேன்.

அவர் கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டினார். நான் மனைவியைப் பார்த்தேன். “அதே சத்தம்தாங்க” என்றாள். கடைக்காரர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, என் காதருகே இரண்டு விரல்களை உரசினார்.

“கேக்குதுங்களா?”

விரல்கள் அசைவதைக் கடைக்கண்ணால் கண்டேன். அவ்வளவே. மனைவி இரண்டடி தள்ளி நின்றாள். அவளுக்குக் கேட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. வாழ்நாளெல்லாம் தட்டியவன் அன்று தட்டப்பட்டேன்.

கோபம் வரவில்லை. உட்கார வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கடைக்காரர் முக்காலி போட்டு, ஒவ்வொரு கிட்டாராக எடுத்து என் மடியில் வைத்தார். மேப்பிள் மர முதுகு கொண்டதில் விரல் கம்பியைத் தொடும் ஓசைக்கு மேல் ஒன்றும் எட்டவில்லை. சீடர் என்னும் மரத்தால் முகம் செய்தது இதமாகத் தொடங்கிப் பாதியிலேயே நழுவியது. கடைசியாக மஹோகனி வந்தது. முதல் மீட்டலிலேயே ஒலி விலா எலும்புகளில் ஊன்றி, அங்கிருந்து மேலேறி முழுதாக வந்து சேர்ந்தது. நான் விரிசல் என்று தள்ளிய மரம்.

மனைவி முகத்தைச் சுளித்தாள். “கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்குது. உங்களுக்கு நல்லா இருக்குதா?”

“காதில் விழுகிறது.”

“நல்லா இருக்குதான்னா, காதுல வுழுதுங்கறீங்க!”

பழையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துப் போகலாம் என்றார் கடைக்காரர். நான் தயங்கினேன். இருபது ஆண்டுகள் அந்தத் தோதகத்தியைக் கேட்டவள் அவள். இன்னும் முழுதாகக் கேட்கிறவளும் அவளே. எனக்கு விழுவதை எடுத்தால் அவள் கம்பளிப் பாட்டைக் கேட்க வேண்டும். அவளுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டால் நான் கேட்காத பாட்டை வாசிக்க வேண்டும்.

“வேண்டாம், பழையதே இருக்கட்டும்” என்றேன்.

“அப்பறம் ஒரு மாசத்துல ஆணியில மாட்டிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காருவீங்க. வூட்டுல அதைப் பாக்க என்னால ஆவாது. உங்க காதுல வுழறதை எடுங்க. எனக்குத்தான் எதுன்னாலும் வுழுமே.”

கடைக்காரர் தோதகத்தியைச் சுவரில் மாட்டினார். அவள் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கு முன்பாகப் படியிறங்கினாள்.

பின்னர் மருத்துவர் சொல்லிக் காதுக்குக் கருவி பொருத்திக்கொண்டேன். அதில் பேச்சு தெளிகிறது, கம்பியொலி தகரமாகிறது. ஆகவே வாசிக்கும்போது கழற்றி வைத்துவிடுகிறேன். மஹோகனியின் அடி ஒலிகள் குறைவின்றி வருகின்றன. உச்சியில் உள்ளவற்றை விரல்கள் நினைவிலிருந்து வாசிக்கின்றன.

நேற்று மாலை இரண்டாம் பாட்டின் நடுவே அவள் அடுப்படியிலிருந்து வந்து என் முன் நின்று, நான் கேட்பதற்காக உரத்துச் சொன்னாள்:

“அந்த மெல்லிசு கம்பி எறங்கிக் கெடக்குதுங்க.”

நான் கம்பியை மீட்டிக்கொண்டே முறுக்காணியைத் திருப்பினேன். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“இன்னும். இன்னும் கொஞ்சம். அய்ய, ஏறிப்போச்சு, எறக்குங்க. ம்… போதும்.”

நிறுத்தினேன்.