கடைசிச் சக்கரம்

லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் அவருக்கு வேலை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் ‘கிராம்’. டன் கணக்கில் வரும் மணலில் ஒரு கிராமைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார் என்ற எரிச்சலில் வைத்த பெயர். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அளவுக்கு மேல் ஏற்றியவர்கள், பின்சக்கரம் மட்டும் மேடையில் ஏறாதபடி வண்டியை நிறுத்துவார்கள். எடை குறைவாகக் காட்டும். மற்ற ஊழியர்கள் அறைக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்ப்பார்கள். கிராம் வெளியே வந்து, குனிந்து, சக்கரத்தைப் பார்ப்பார்.

“என்னண்ணே, எங்க மேல நம்பிக்கை இல்லையா?”

“உன் மேல இருக்குப்பா. உன் சக்கரத்து மேலதான் இல்ல.”

அவரை நல்ல மனிதர் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். வீட்டில் முன்கோபி. மாத்திரையை நினைத்தால் போடுவார். உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். எடை விஷயத்தில் நேர்மையானவர், அவ்வளவுதான். அந்த நேர்மையும் அடுத்தவர் எடை வரைக்கும்தான் என்பது பிறகு தெரிந்தது.

இதயம் தளர்ந்து, உடம்பெல்லாம் நீர் கோத்து, மூன்றாம் முறையாக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, உட்கார்ந்தபடியேதான் கண்ணயர முடிந்தது. டாக்டரம்மா அவர் மனைவியை வாசலுக்கு அழைத்துத் தணிந்த குரலில் பேசினார்.

“ஒளிக்காம சொல்றேம்மா. திரும்பத் திரும்ப வந்து சேர்றதே நல்ல அறிகுறி இல்ல. பிரஷர் கம்மியா இருக்கு. கிட்னி சோர்ந்துபோச்சு. ரத்தத்துல உப்பும் இறங்கியிருக்கு. இதுல ஒண்ணு மட்டும்னா சமாளிக்கலாம். எல்லாம் சேர்ந்து வந்திருக்கு.”

“உப்பு இறங்கிடுச்சுன்னா, சாப்பாட்டுல கொஞ்சம் சேத்துக் குடுக்கவா டாக்டர்?”

“வேண்டவே வேண்டாம். உள்ள தண்ணி அதிகமாகி உப்பு நீர்த்துப்போயிருக்கு. முதல்ல தண்ணி வெளிய போகணும்.”

கதவு திறந்திருந்தது. கிராம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த தபால்காரரைப் பற்றியும் இதே வார்த்தைகளைச் சொன்னார்கள். அந்தக் கட்டிலில் இப்போது புது விரிப்பு.

“என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. போறதா இருந்தா என் கட்டில்ல போறேன்” என்றார் மனைவியிடம்.

“எடை நல்லா இறங்கினாத்தான் அனுப்புவாங்களாம். பேசாம இருங்க.”

தினமும் காலையில் சிஸ்டர் எடை இயந்திரத்தைக் கட்டிலருகே உருட்டி வருவார். உடம்பிலிருந்து எவ்வளவு நீர் இறங்கியது என்பதற்கு அதுதான் கணக்கு. எடை நாளுக்கு நாள் இறங்கியது. நீரை வெளியேற்றும் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சும் வந்தது. ஆனால் மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது.

“கால் வீக்கம் வத்தலையே, எடை மட்டும் எப்படிக் குறையுது?” என்று, ஒரு காலை அவர் இயந்திரத்தின் மேல் நிற்கும்போதே வந்த டாக்டரம்மா முகம் சுளித்தார்.

மனைவிக்குத் தெரியும். அவள் முந்தின நாளே பார்த்துவிட்டாள். இயந்திரத்தின் மேல் நின்றபோது அவருடைய இடது உள்ளங்கை கட்டில் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் எடைமேடையில் லாரிக்காரர்கள் செய்து அவள் பார்த்த அதே தந்திரம். சொன்னால் அவர் வீட்டுக்கு வர முடியாது. சொல்லாவிட்டால் வருவார், எப்படி வருவார் என்பதுதான் கேள்வி. இரண்டில் எது அன்பு என்று முடிவு செய்ய முந்தின நாள் முழுதும் போதவில்லை; இப்போது அவளுக்கு அந்த நிமிடம்தான் இருந்தது.

“கையைப் பாருங்க டாக்டர்” என்றாள். “கம்பி மேல ஊனிக்கிட்டுத்தான் நிக்கிறார்.”

அவர் அவளைப் பார்த்த பார்வையில், பிடிபட்ட லாரிக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

கட்டிலை விட்டு விலக்கி மறுபடி நிறுத்தினார்கள். வந்த நாளை விடவும் எடை கூடியிருந்தது. அன்றே ஊசியைத் திரும்பத் தொடங்கினார்கள். அன்று முழுக்க அவர் மனைவியுடன் பேசவில்லை. மறுநாள் காலை இயந்திரத்தில் ஏறி, இரு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“பாத்துட்டியா?”

“என்னத்த?”

“கடைசிச் சக்கரத்த.”

அவள் நிஜமாகவே குனிந்து அவர் குதிகால்களைப் பார்த்தாள். “ஏறியிருக்கு. வண்டிதான் பழசு.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

வீக்கம் மெல்ல வற்றியது. தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒரு ராத்திரி அவர் மல்லாந்து படுத்து, வாய் திறந்து குறட்டை விட்டார். மனைவி அந்தச் சத்தத்தைத் திட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் டாக்டரம்மா சொன்னவை எதுவும் அவரை விட்டுப் போகவில்லை. பிரஷர் மேலும் இறங்கியது, சிறுநீர் நின்றுபோனது. ஒரு பிற்பகல், தூக்கத்திலேயே முடிந்தது.

துணிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டே அவள் சிஸ்டரிடம் கேட்டாள்: “நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா வீட்டுக்காவது வந்திருப்பாரு, இல்ல?”

சிஸ்டர் சமாதானம் சொல்ல முயலவில்லை.

“வந்திருப்பாரும்மா. ஆனா அங்கயும் உக்காந்தேதான் இருந்திருப்பாரு. உங்க வீட்டுக் கட்டில்ல அவரால படுத்திருக்க முடிஞ்சிருக்காது.”

அவள் திரும்பி, அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்த்தாள். தலைமாட்டில் ஒரே ஒரு தலையணை இருந்தது.