எங்கள் தெருவின் அட்மிரல்

டொரொன்ரோவில் வீட்டு விலை எட்டாததால் மகன் அஜக்ஸ் என்ற ஊரில் வாங்கினான். அது இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு போர்க்கப்பலின் பெயர். சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகவும் போய்வந்த கப்பலாம். அதில் இருந்தவர்களின் பெயர்களை இங்கே தெருக்களுக்கு வைத்திருக்கிறார்கள் என்று மகன் சொன்னான். எங்கள் தெருவுக்குப் பெயர் தந்தவர் கப்பலில் என்னவாக இருந்தார் என்று அவன் சொல்லவில்லை. நானே அவரை அட்மிரல் ஆக்கிவிட்டேன்.

காரணம் இருந்தது. மருமகளின் தாய் டொரொன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் இருந்து வரும்போதெல்லாம், காலமான தன் கணவர் போஸ்ட்மாஸ்டராக இருந்ததைச் சொல்லாமல் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். என் பக்கத்தில் சொல்ல ஒருவரும் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இங்கே வந்து பதினெட்டு வருடம் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் கிழங்கு உரித்தேன். சம்பந்தியிடம் சொன்னது “ஆஸ்பத்திரி வேலை” என்று. ஆகவே எனக்கு ஒரு அட்மிரல் தேவைப்பட்டார்.

போன கோடையில் ஒரு ஞாயிறு, சமையலை முடித்துவிட்டு நானும் சம்பந்தியும் முன்னறையில் இருந்தோம். சம்பந்தி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

“மச்சாள், உந்த வெள்ளைக்கார மனுசி ஏன் உங்கட தெருப் பலகையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்குது?”

போய்க் கேட்டேன். என் வயதிருக்கும். இங்கிலாந்தில் இருந்து வந்தவள். பலகையில் இருப்பது தன் அப்பாவின் பெயர் என்றாள். வெயிலில் நிற்கவிட மனமில்லாமல் உள்ளே கூட்டிவந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வந்தவள் யாரின் மகள் என்று சொன்னதும் சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார். “அட்மிரல்?” என்று அவளிடமே கேட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அதுவும் நான் கொடுத்தது.

வெள்ளைக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். அப்பா பத்தொன்பது வயதில் கப்பல் ஏறினாராம். படுக்கை எப்போதும் ஈரமாம். கடல் கொந்தளிக்கும் நாளில் சூப் வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்தைக் கடப்பதற்குள் பாதி கொட்டிப்போகுமாம். பசியோடு காத்திருந்தவர்கள் எதிரியைத் திட்டியதைவிட அவரைத் திட்டியதுதான் கூடவாம்.

“என்னவாம்?” என்றார் சம்பந்தி.

“கப்பல் சனத்தின்ர சாப்பாட்டுக்கு அவர்தான் பொறுப்பாம்” என்றேன். பெரிய பொய்யில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் இடது கையில் இல்லாத கிழங்கைப் பிடித்து, வலது கையால் உரித்துக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

“கிழங்கு உரிச்சவரோ?” சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்கள் அட்மிரல் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. செத்துப்போன மனுசனுக்கு அவர் கேட்காத தொப்பியைப் போட்டுவிட்டவள் நான்தானே.

“ஓம், கிழங்குதான் உரிச்சவர். நானும் உரிச்சனான். பதினெட்டு வருசம். ஆஸ்பத்திரியும் இல்லை, ஒண்டுமில்லை. குசினி.”

“அப்ப உங்கட பேரிலையும் ஒரு தெரு வைக்கச் சொல்லுவம், மச்சாள்.”

“சொல்லுங்கோ. சின்னத் தெரு வேண்டாம். பஸ் போற தெருவாப் பாத்து வைக்கச் சொல்லுங்கோ.”

சம்பந்தி போனை எடுத்து, தன் மகனை வந்து ஏற்றச் சொன்னார். டோர்செட் பார்க் முழுக்கச் செய்தி சொல்ல வேண்டிய அவசரம் அவருக்கு.

வெள்ளைக்காரி இருந்து சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் சோறு வாங்கினாள். சம்பந்திக்குப் பிடிக்குமென்று வைத்த கிழங்குக் கறியை மட்டும் தள்ளிவைத்தாள். அப்பா கப்பலால் இறங்கிய பிறகு அவர்கள் வீட்டில் கிழங்கே வாங்கியதில்லையாம். நானும் தின்பதில்லை. கறி அப்படியே கிடந்தது.