மாமாவுக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் போய்விட்டது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் படித்தவள். கல்யாணப் பேச்சில் வியாதியின் பேரை எடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். சின்ன மாமாவும் அத்தையும் உயிரோடு இருந்தவரைக்கும் எழுதக் கை வரவில்லை. இப்போது இரண்டு பேரும் முருகன் அடி சேர்ந்துவிட்டார்கள். போன கிருத்திகையன்று வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, பேத்தியை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளைப் பூ வந்தது. அவன் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மாரிகுப்பத்தில் தட்டி வீட்டில் இருந்தோம். மூங்கில் தட்டியை வளைத்துக் கட்டிய ஒற்றை அறை. ஜன்னல் கிடையாது. அடுப்பு மூலையை மட்டும் ஒரு பாய் மறைத்திருக்கும். அடுப்புப் புகை வெளியே போவதும் நாங்கள் உள்ளே வருவதும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான். புகைக்கு வழிவிட்டுப் பிறகு நுழைவோம். அப்பாவும் சின்ன மாமாவும் தங்கச் சுரங்கத்து ஷாப்டுக்குள் இறங்கி, பாறையைத் துளைத்து வெடி வைக்கிற கூட்டத்தில் வேலை செய்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மா கையில் வளர்ந்தவர். ஷிப்டு முடிந்து வரும்போது, அரிசி மாவில் முகத்தை வைத்து எடுத்தவர் போல அவருக்குப் புருவமும் மீசையும் வெளுத்திருக்கும்.

எங்கள் வரிசையில் பெரியவர்கள் மூச்சு விட்டால் சத்தம் கேட்கும். ஒருவருடைய நெஞ்சில் பூனைக்குட்டி கத்தும். எதிர்வீட்டுக்காரருக்குக் கொல்லன் துருத்தி. ஈர விறகை ஊதி ஊதியே காலம் கழித்த ஒரு பெரியம்மாவுக்கு, ஊதாங்குழலைக் கீழே வைத்த பிறகும் குழல் ஊதிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருந்ததால், மீசை முளைப்பதைப் போல இதுவும் வயசு வந்தால் தானாக வருவது என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு எப்போது வரும் என்று அம்மாவைக் கேட்டு, முதுகில் ஒன்று வாங்கினேன்.

மாமாவுக்கு எண்ணெய் காணாத வண்டி அச்சின் சத்தம். இரைப்பு என்பது அதன் பேர். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் சளி என்பார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் மாமாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊர் போய், நட்சத்திரம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் நட்சத்திரம் சேரவில்லை. பூதிகோட்டைப் பக்கம் பயிர் வைக்கிற ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்தபோது, இதுவும் போனால் தம்பிக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். விடிந்ததிலிருந்து மாமாவுக்குப் பாடம் நடந்தது.

"நீட்டிப் பேசனாத்தான் உனக்கு இழுக்குது. வாயத் தொறக்காத. தலைய ஆட்டு, போதும்."

"ஊமைன்னு நெனச்சிக்கப் போறாங்கக்கா."

"ஊமைக்குப் பொண்ணு குடுப்பாங்க. உனக்குத்தான் குடுக்க மாட்டேன்றாங்க. மூடு."

மாமா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி நின்றார். வாசலோடு போன ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்து, "மாப்ள ராசா கணக்கா கீறாரே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இன்றைக்கென்று பார்த்துக் கண் பட வேண்டுமா? ஒரு பிடி காய்ந்த மிளகாய், கல்லுப்பு, நாலு பேர் நடந்த தெருமண் எல்லாவற்றையும் கையில் அடக்கி, மாமாவைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி அப்படியே அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது. கண் இல்லையென்றால் நெடி மூக்கைத் துளைக்கும். எங்களவர்களுக்கு அதுதான் கணக்கு. இரைப்புக்காரனை அடுப்புக்கு அருகில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பார்க்கலாமா என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்குள் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது.

அப்பா அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். பெண்ணின் அப்பா ஒல்லியான மனுஷர். வெயில் ஏறின பிறகும் கம்பளியைக் கழற்றவில்லை. பெண்ணின் அம்மா அவருக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தார்.

"இன்னா பெரியவரே, மழ உண்டா அந்தப் பக்கம்?" என்று அப்பா கேட்டார்.

பெரியவர் தலையை ஆட்டினார்.

"கேவுரு வெளைச்சல் எப்படி?"

அதற்கும் தலையாட்டினார். பிறகு மாமாவைப் பார்த்து ஆட்டினார். மாமாவும் ஆட்டினார். முட்டிக்கொள்ளப் போகிற இரண்டு கடாக்களைப் போல எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஒருவர் மட்டும் மழை, மாடு, வண்டிப்பாதை என்று பேசிக் களைத்தார்.

அப்போதுதான் மிளகாய் பற்றியது. பாய்க்கு அடியிலிருந்து நெடி கிளம்பி, போக இடமில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. மாமாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. எதிரே பெரியவர் கம்பளி முனையை வாயில் அழுத்திக்கொண்டார். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று நாங்கள் குட்டையில் மூழ்கி விளையாடுவோம். இவர்களும் அதைத்தான் விளையாடுகிறார்கள் என்று நான் மாமா பக்கம் நின்றேன். ஜெயித்தது யாரென்று சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உடைந்தது. மாமாவின் நெஞ்சிலிருந்து வண்டி அச்சு கத்தியது. எதிர் நெஞ்சிலிருந்து இன்னொரு அச்சு அதற்குப் பதில் சொன்னது.

எல்லோரும் குனிந்து வாசலுக்கு ஓடினோம். அம்மா எப்போதும் தயாராக வைத்திருக்கும் சுக்கு மிளகு வெந்நீரைச் சொம்போடு கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு வாய் குடித்திருப்பார். பெரியவர் கையை நீட்டினார்.

அப்பா தயங்கினார். பெண் கொடுப்பதென்று முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். தொட்டால் கை நனைத்ததாகிவிடும். சம்மதம் என்று அர்த்தம்.

"குடிச்சா கை நனைச்ச கணக்கு ஆயிடும் பெரியவரே. யோசிச்சிக்கோங்க."

"மூச்சு போய்கினு கீது, இவரு கணக்குப் பேசறாரு. குடுங்க இப்படி."

வாங்கிக் குடித்தார். பெண்ணின் அம்மா எங்கள் அம்மாவோடு வீட்டுக்குப் பின்பக்கம் போனார்.

மூச்சு சமாதானம் ஆனதும் பெரியவர் கல் மேல் உட்கார்ந்து, அடக்கி வைத்திருந்ததை எல்லாம் பேசினார். "வாயத் தொறக்காதன்னு எங்கூட்ல சத்தியம் வாங்கிகினுதான் வண்டி ஏத்தனாங்க. அப்பனுக்கு கீறது பொண்ணுக்கும் வரும்னு நீங்க சொல்லிட்டா?"

"நாங்க பாறைத் தூசி முழுங்கறவங்க. உங்களுக்கு ஏது ஷாப்டு?" என்றார் அப்பா.

"களத்துல பதரு தூத்தனா புடிச்சிக்குது. பனி எறங்கனா புடிச்சிக்குது. மாட்டுக்குப் போடற பொகை மூட்டம் ஆவாது. எங்கப்பனுக்கும் இருந்திச்சி. சுருட்டாலதான் வந்துதுன்னு சொன்னாங்க. நானு சுருட்டக் கையால தொட்டதில்ல, எனக்கும் வந்துகினு கீது. நம்ம கையில இன்னா கீது?"

"அப்ப பேரப்புள்ள பொறந்தா இந்த ஊருக்கு ஷிப்டுக்கு ஊதற சங்கே வேணாம், சம்மந்தி."

சம்மந்தி என்று அப்பா சொன்னது அதுதான் முதல் தடவை. பெரியவர் சிரித்துச் சிரித்து மறுபடி இழுத்துக்கொண்டார். "இன்னா நெடி. ஒரு துளி கண்ணு இல்லப்பா மாப்ளைக்கு" என்றார். மாமாவும் சிரித்தார். அவர் வாய் திறந்து சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நான் தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். அங்கே அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அம்மா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இழுக்கும்போது படுக்க முடியுதா, உக்காந்துகினே கீறாரா?" என்று அவர் கேட்டார்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். "உக்காந்துகினுதான்."

"முதுகு தேய்க்கறது யாரு?"

"நான்தான்."

"எம்பொண்ணுக்குத் தெரியும்மா. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அவங்கப்பனுக்கு அவதான் தேய்க்கறா. நானு கண்ணசந்துட்டாகூட அவ அசரமாட்டா. இங்க வந்து அவ புதுசா கத்துக்க ஒண்ணுமில்ல."

அம்மா சாம்பல் கையோடு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை நல்ல சேதியை இவர்கள் இங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று நான் முன்பக்கம் ஓடினேன்.

"மாமா, உனக்கு வரப்போற அத்தைக்கு இப்பவே முதுகு தேய்க்கத் தெரியுமாம். அவங்கப்பாவுக்குத் தேய்ச்சித் தேய்ச்சி."

அப்பா சிரித்தார். பெரியவரும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சொம்பைக் கீழே வைத்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, கிட்டப்போய் இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷ சேதி கொண்டுபோன என்னை ஏன் தூக்கிச் சுற்றவில்லை என்பது, அத்தை வந்து ராத்திரியெல்லாம் தூங்காமல் அவருக்கும் முதுகு தேய்த்ததைப் பார்க்கும்வரை எனக்கு விளங்கவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சாமி புண்ணியத்தில் பேர் சொல்லப் பிள்ளைகளும் உண்டு. எங்கள் உறவில் கல்யாணம் என்று கூடினால் இந்தக் கதையை யாராவது எடுப்பார்கள். மிளகாயில் ஆரம்பித்து, வெந்நீர் குடித்ததோடு நிறுத்திச் சிரிப்பார்கள். படிக்கிறவர்கள் தயவுசெய்து பின்பக்கத்தில் நடந்ததையும் சேர்த்தே அடுத்தவருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாமா அப்போது ஏதோ பெரிதாகச் சொன்னார் என்று ஒருத்தி சேர்த்துச் சொல்லக் கேட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் அவர் வாயில் ஒரு வார்த்தையை வைக்காதீர்கள்.