இடது மட்கார்டு

பச்சமுத்து செத்ததும் அவருடைய பிக்கப் வண்டி ராஜாங்கத்துக்கு வந்தது. ராஜாங்கம் அவருக்கு அக்கா மகன். பச்சமுத்துவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்தது ஓர் ஓட்டு வீடும் இந்த வண்டியும்தான். கருமாதி முடிந்த மறுநாளே அவர் மனைவி அமிர்தம் சாவியைக் கொண்டுவந்து ராஜாங்கத்தின் கையில் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போயிடுப்பா. என் கண்ணு முன்னால நிக்க வேணாம்."

புருஷன் ஞாபகம் வாட்டுகிறது போலிருக்கிறது என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். புருஷனை இழந்தவள் எதைச் சொன்னாலும் நம் ஆட்களுக்கு அந்த ஒரே அர்த்தம்தான் தெரியும்.

ராஜாங்கம் விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் லோடு ஏற்றுகிறவன். பீங்கான் கப்பு, பியூஸ் கட்டை, சாமி பொம்மை என்று எது வந்தாலும் வைக்கோல் வைத்துக் கட்டி, யார் வண்டியிலோ அடுக்கிவிட்டு, அந்த வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவனுக்குப் பிழைப்பு. கல்யாணமாகி இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தான். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் தலையெடுத்துவிடலாம் என்று அவன் சொல்லாத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டு அவன் மனைவி செல்வநாயகிக்கே சலித்துவிட்டது. இது நடந்தது இரண்டாயிரத்து நாலில். 'சின்ன யானை' என்கிற குட்டி லோடு வண்டிகள் ஊருக்குள் வந்து சேராத காலம். ஓடுகிற நிலையில் ஒரு பிக்கப் வைத்திருந்தால் பட்டறைக்காரர்கள் வீடு தேடி வருவார்கள்.

ஆனால் வண்டி ஓடுகிற நிலையில் இல்லை. மாமா கடைசி ஒரு வருஷம் நெஞ்சுவலியோடு கிடந்ததில் வண்டியும் கூடவே கிடந்து இற்றுப்போயிருந்தது. தரைப்பலகை உளுத்துவிட்டது. ரேடியேட்டர் ஒழுகியது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அப்படியும் மாமாவின் பன்னீர்ப் புகையிலை வாசனை மட்டும் போகவில்லை. கதவைத் திறந்தால் முகத்தில் அடித்தது. முதல் நாள் ராஜாங்கம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோது, தான் யார் மடியிலோ உட்கார்ந்திருப்பது போலிருக்கவே, சட்டென்று இறங்கிவிட்டான். பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி ஏறினான்.

ஜங்ஷன் ரோட்டில் கியாசுதீன் பாய் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். வண்டியை அங்கே கட்டி இழுத்துப் போய் நிறுத்தினான். இன்ஜின் வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ள, பாய் பாடியைச் சுரண்ட ஆரம்பித்தார். ராஜாங்கமும் வேலை முடிந்து வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பான். வலது பக்கமெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இடது முன் மட்கார்டுக்கு வந்ததும் பாயின் கை நின்றுவிட்டது.

"இங்க வாங்க தம்பி. இதப் பாருங்க."

சுரண்டச் சுரண்ட, குழியை மறைக்கப் பூசுகிற பட்டி வந்துகொண்டே இருந்தது. ஒரு பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு. எல்லாம் போன பிறகு அடித்தகடு தெரிந்தது. உள்ளே நன்றாகக் குழிந்து, பிறகு பின்னாலிருந்து கண்டபடி தட்டி எடுத்த தகடு.

"இது பட்டறையில தட்டுனது இல்ல. சுத்தியல் பிடிக்கத் தெரியாதவங்க வூட்டுலயே வெச்சுத் தட்டியிருக்காங்க. ஹெட்லைட்டும் இந்தப் பக்கம் மட்டும் வேற வண்டியோடது."

"மரத்துல கிரத்துல மோதியிருப்பாரு."

பாய் குழியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "மரத்துல மோதுனா தகடு கிழியும். இது மெத்துனு உள்ள போயிருக்குது" என்றார்.

ராஜாங்கத்துக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மாமா வண்டி கழுவும்போது இந்த மூலையை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். ஆயுத பூஜைக்கு வண்டி முழுக்கச் சந்தனப் பொட்டு வைப்பார்கள், இந்த இடத்தைத் தவிர. "மாமாவுக்கு அந்தப் பக்கம் கூச்சம்" என்று லோடுக்காரர்கள் கேலி செய்வார்கள். ராஜாங்கமும் சேர்ந்து சிரித்தவன்தான்.

"தட்டி நேராக்கி வெச்சிக்கலாமா, மாத்திடலாமா?" என்று கேட்டார் பாய்.

"வெட்டிப் போடுங்க பாய். புதுத் தகடு வெச்சிருங்க. எதுவும் கேக்காதீங்க."

பாய் கேட்கவில்லை. வெட்டிய துண்டு மற்றப் பழைய இரும்போடு சேர்ந்து எடைக்குப் போனது. புதுத் தகட்டை ஒரு சுருக்கம் இல்லாமல் பிடித்துக் கொடுத்தார். வேப்பம்பலகையில் தரை போட்டார்கள். சீட்டுக்குப் புது ரெக்ஸின், மேலே வானநீலப் பெயின்ட். செல்வநாயகி பிள்ளைகளோடு வந்து பார்த்தபோது, "இது நம்ம வண்டியாங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள். ராஜாங்கம் சின்னவளைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான்.

ஆனால் ஓட்டிப் பார்த்த முதல் நாளிலிருந்தே ஒரு சத்தம். பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் முன்னால் 'டொப்' என்று ஒன்று. கல்லோ இரும்போ தட்டுகிற சத்தமில்லை, ஈரத்துணி மூட்டையைப் போட்டது போல ஒரு சத்தம். பாய் மட்கார்டைக் கழற்றிப் பார்த்தார், சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார், தானே ஓட்டியும் பார்த்தார். அவர் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. "நல்லாத்தான் இருக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு, ராஜாங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் புது வண்டியோ பழைய வண்டியோ, முதல் பூசை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டால் பயம் போய்விடும். ராஜாங்கமும் அப்படித்தான் நினைத்தான். அத்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டான். அமிர்தம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"அங்க மட்டும் கொண்டு போவாதடா. அந்த வண்டி மேல அங்க பிராது கெடக்குது."

கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது என்றால் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். போலீஸிலும் கோர்ட்டிலும் ஆகாத வழக்கை எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். அதன் பிறகு, கட்டியவர்களே வந்து வாபஸ் வாங்க வேண்டும். வாங்குகிற வரைக்கும் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்றுதான் கணக்கு.

அமிர்தம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கருவேப்பிலங்குறிச்சி போகிற வளைவில் சைக்கிளில் வந்த ஒரு பையனை மாமாவின் வண்டி அடித்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. அவன் ரோட்டிலேயே செத்துப்போனான். பையன் பெயர் கொளஞ்சி. அந்தச் சாமியிடம் வேண்டிப் பெற்று அந்தப் பெயரையே வைத்த பிள்ளை. அவன் அம்மா சொர்ணாம்பாள் அந்த வளைவிலேயே டீக்கடை வைத்திருக்கிறாள். எந்த வண்டி என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பேர் தெரியாத வண்டிக்காரன் என்று எழுதிக் கட்டியிருக்கிறாள்.

"வூட்டுக்குப் பின்னால வெச்சு அவரே தட்டுனாரு. நாந்தான் வெளக்கு புடிச்சேன்" என்றாள் அமிர்தம். "நீ வாயத் தொறக்காதடா. செத்தவர ஜெயில்ல போட முடியாது. வண்டிதான் போவும். ஒம் புள்ளைங்கள நெனச்சுக்க."

ராஜாங்கம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டான். தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை அங்கேயே ஏற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டான்.

முதல் லோடு ஜெயங்கொண்டத்துக்குக் கப்பு. போவது கருவேப்பிலங்குறிச்சி வழியாக. வேறு வழியில் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் முதல் லோடிலேயே பயந்து சுற்றினால் காலம் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியது. வளைவு நெருங்கியதும் அவன் கை தானாகவே ஹாரனை நீட்டி அடித்தது. மாமா அடிப்பது போலவே, இரண்டு நீளம், ஒரு குட்டை. ஏன் அப்படி அடித்தான் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

கீற்றுக் கொட்டகையிலிருந்து ஒரு அம்மாள் ஓடிவந்து ரோட்டில் நின்றாள்.

"அண்ணே! பச்சமுத்து அண்ணே!"

ராஜாங்கம் பிரேக்கை மிதித்தான். 'டொப்' என்றது. இன்ஜினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தான்.

அருகில் வந்தவள் வண்டியைப் பார்த்துக் குழம்பினாள். "ஹாரன் அண்ணனுதுதான். வண்டி புதுசா இருக்குதே. நீ யாருப்பா?"

அக்கா மகன் என்றான். மாமா போய்விட்டார் என்றான். சொர்ணாம்பாள் நடுரோட்டிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இப்படி அழ மாமாவுக்கு ஓர் ஆள் இருந்ததே குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

"எந்த லோடு போனாலும் எங்கிட்ட ஒரு டீ குடிக்காமப் போவ மாட்டாரு. எம் புள்ளய எவனோ அடிச்சிப் போட்டுட்டுப் போனப்ப இந்த வண்டியிலதான் என்னை முன்னால ஒக்கார வெச்சுக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. 'பிராது கட்டும்மா, சாமி வுடாது'ன்னு அவருதான் சொன்னாரு. பக்கத்துலயே கைய கட்டிக்கிட்டு நின்னாரு. நாலஞ்சு தரம் வாபஸ் வாங்கிடறேன்னு சொல்லிட்டேன். 'வாங்காத, வாங்காத, தண்டன கெடைக்காம வாங்காத'ன்னு கெஞ்சுவாரு. என் வவுத்துல பொறந்த புள்ளைக்கு என்னைவுட அவருதான் துடிச்சாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் போதும்பா. எவனோ, எங்கயோ நல்லா இருந்துட்டுப் போவட்டும். அண்ணனும் இல்ல. நீ திரும்பி வரப்ப என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறியா? வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன்."

ராஜாங்கம் கணக்குப் போட்டான். அவளைக் கூட்டிப்போனால் தீர்ந்தது. அவளே கையெழுத்துப் போட்டுவிடுவாள். வண்டி சுத்தமாகிவிடும். சத்தம்கூட நின்றாலும் நிற்கும்.

"இப்பவே ஏறுங்கம்மா. லோடு அப்புறம் போவட்டும்" என்று இடது கதவைத் திறந்துவிட்டான். அவள் பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு வந்து ஏறி உட்கார்ந்தாள். புது ரெக்ஸினைத் தடவிப் பார்த்தாள். "நல்லா செஞ்சிருக்கப்பா. நல்லா இருப்ப" என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

சொர்ணாம்பாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். வண்டியின் முன்னால் சுற்றிப் போய் இடது மட்கார்டின் மேல் கையை வைத்தாள். மேலும் கீழும் தடவினாள்.

"இங்கியா? ஒண்ணுமே இல்லியேப்பா."

"அத வெட்டிப் போட்டுட்டேம்மா. இது புதுத் தகடு."

"ஏன் வெட்டுன?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "எம் புள்ள கடைசியா தொட்ட எடம்யா அது."

ராஜாங்கம் கும்பிட்டுக்கொண்டு நின்றான். அவள் அந்தப் பளபளப்பான தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து, தானாகவே கதவைத் திறந்து, பழையபடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடு. கோயிலுக்கே வுடு."

"வாபஸ் வாங்கவாம்மா?"

"பேரு தெரியாதவன்னுதான் கட்டியிருக்கேன். இப்பத்தான் தெரிஞ்சிபோச்சே. பேரச் சொல்லிக் கட்டணும்."

"மாமா செத்துட்டாரும்மா."

"வண்டி இருக்குதுல்ல" என்றாள் சொர்ணாம்பாள்.

இது மட்டும் கிளம்பிவிடக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் ராஜாங்கம் சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.