நைனா போட்ட கையெழுத்து

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் இருபத்தாறு வருடம் உலைக்கு முன்னால் நின்றவர். வேலையை விட்டபோது அவருடைய நுரையீரல் பாதி கெட்டுப்போயிருந்தது. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் செயற்கை சுவாசத்தில் மூன்று வாரம் கிடந்து செத்தார். அந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் நைனா சொன்னார்: "எனக்கு அந்தக் கொழாய மட்டும் வெக்கக் கூடாது. எழுதிக் குடுத்துட்றேன்."

அது இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நான் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லீவு போட்டு, திருவள்ளூரில் பத்திரம் எழுதுபவரிடம் அவரை அழைத்துப் போனேன்.

"உயிலா? சொத்து இன்னா கீது?" என்று கேட்டார் அவர்.

"சொத்து இல்ல சார். என் ஒடம்புக்குத்தான் எழுதணும்."

அவர் சிரித்தார். "செத்தப்புறம் நடக்கறதுக்குத்தான் உயிலு. உசுரோட இருக்கறப்போ நடக்கறதுக்கெல்லாம் சட்டத்துல எடமே இல்ல பெரியவரே."

நைனா விடவில்லை. முத்திரைத்தாள் வாங்கித் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டரி வக்கீலிடம் முத்திரையும் வாங்கினார்.

எட்டு மாதம் கழித்து, நான் வேலையில் இருந்தபோது அவருக்கு மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் குழாய் போட்டுவிட்டார்கள். இரண்டு கைகளையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள்.

"புடுங்கிப் போட்டுட்றாரு, அதான்," என்றார் நர்ஸ்.

நைனா என்னையே பார்த்தார். பேச முடியாத அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப் போய்ப் பத்திரத்தை எடுத்து வந்து டாக்டரிடம் நீட்டினேன். அவர் முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

"தெளிவாத்தான் எழுதியிருக்காரு. ஆனா இதுக்குச் சட்டம் கிடையாதும்மா. நான் கொழாய எடுத்தா என் மேல கேஸ் வரும்."

"அவருக்கு நெனவு இருக்குது சார். கட்ட அவுத்துட்டு அவரையே கேளுங்க."

"கேட்டு நான் என்ன பண்ண முடியும்?"

ஒன்பது நாள் அப்படியே போயிற்று. ஐந்தாவது நாளே நைனா கண் திறப்பதை நிறுத்தியிருந்தார். பத்தாவது நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்க ஆலோசனைய மீறிக் கூட்டிட்டுப் போறோம்னு நீங்க கையெழுத்துப் போட்டா, நாங்க தடுக்க மாட்டோம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அச்சடித்த படிவத்தில் நான் போடும் கையெழுத்து செல்லுமாம். தன் உடம்பைப் பற்றி, புத்தி தெளிவாக இருந்தபோது அவரே போட்ட கையெழுத்து செல்லாதாம்! அப்படியென்றால் முதல் நாளே ஏன் இதைச் சொல்லவில்லை? கேட்டேன். டாக்டர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்தது.

ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயை எடுத்தோம். மணிக்கட்டுகளில் கட்டின தடம் கன்றிப்போயிருந்தது. அதைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் மூச்சு இருந்தது.

சாவுக்கு வந்த மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "நல்லா ஆவறதுக்குள்ள ஏம்மா கூட்டிக்கினு வந்த?"

"அவரு கேட்டத பத்து நாள் லேட்டா செஞ்சிருக்கேன் மாமா," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இனிமேல் இப்படி எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதைப் பல வருடம் கழித்து டிவியில் கேட்டேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.