கஜபதி மாளிகையில் ஒரு காற்றோட்டமான போர்ஷன்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எந்த வீடும் கஜபதியைக் கேட்காமல் கைமாறாது. மகாராஜாவே வந்தாலும் அவனிடம்தான் ஒரு ரூம் கேட்டு நிற்க வேண்டும். இப்படிச் சொன்னவன் வேறு யாருமில்லை, கஜபதியேதான்.

சொன்ன நாளில் அவனுக்குச் சொந்தம் ஒரு பாயும் இரண்டு லுங்கியும். வீட்டைத் தொண்ணூற்றைந்தில் மவுண்ட் ரோடு பைனான்ஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டு, அதே வீட்டின் சமையலறையில் பொண்டாட்டி அங்கம்மாவோடு வாடகைக்குக் கிடந்தான். கம்பெனிக்காரர்கள் வீட்டை வாழைத்தண்டு மாதிரி நறுக்கினார்கள். ஹாலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி இரண்டு போர்ஷன். மாட்டுக்கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒன்று. மாடிப்படிக்கு அடியிலும் ஒன்று. அதில் இருந்த தங்கவேல் நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டால் தெருவுக்கு வருவான். இத்தனை பேருக்கும் ஒரே கக்கூஸ்.

கம்பெனி ஆள் பக்தவத்சலம் வந்தால் கஜபதி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுவான். அவர் தலை மறைந்ததும், "யார்ரா என் ஊட்ல ஆணி அடிக்கிறது?" என்று குடித்தனக்காரர்களிடம் மீசையை முறுக்குவான்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஹால் போர்ஷன் சுசீலாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் விடிந்தபோது கக்கூஸ் கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'காற்றோட்டமான போர்ஷன் வாடகைக்கு. அணுகவும்: மாளிகை அதிபர் கஜபதி.'

பக்தவத்சலம் வந்தார், படித்தார். சிரிக்கத் தெரியாத ஜென்மம். டேப்பை எடுத்து அளந்தார்.

"பின்சுவரைத் தள்ளிக் கட்டினா ஒரு பேச்சிலர் தாராளமா இருக்கலாமே!"

"அப்ப ஜனங்க எங்க சார் போவும்?"

"ஏரிக்கரை ஓப்பனாத்தானே கிடக்கு?"

கஜபதி அங்கம்மாவைப் பார்த்தான். முட்டிவலிக்காரி, கக்கூஸுக்கே சுவரைப் பிடித்துப் பிடித்துப் போகிறவள். ஏரிக்கரைக்கு அவள் எங்கே நடப்பாள்?

மறுநாள் பக்தவத்சலம் மேஸ்திரியோடும் கடப்பாரையோடும் வந்து இறங்கியபோது, கஜபதி கக்கூஸுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"வெளியே வாய்யா!"

"இத்த நானே வாடகைக்கு எடுத்துகினேன் சார். குடித்தனமும் வந்துட்டேன்."

மொத்த வீடும் சிரித்தது. வெயில் ஏறியது. மத்தியானத்துக்கு மேல் பக்தவத்சலத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பிறகு கதவை மெதுவாகத் தட்டினார்.

"கஜபதி... ஒரு அஞ்சு நிமிஷம் எனக்கு விடுய்யா."

"ஏரிக்கர ஓப்பனா கீது சார்."

"சாமி, திறப்பா! இதை இடிக்கல!"

"மொதல்ல மேஸ்திரிய அனுப்பு."

மேஸ்திரி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். கஜபதி வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வர, பக்தவத்சலம் கையிலிருந்த பைலோடு உள்ளே பாய்ந்தார்.

கஜபதி நேரே சுசீலாவிடம் வந்தான்.

"அட்டைய மாட்டுனது நீதானே?"

"நானா? எவன் சொன்னான் மாமா?"

"தகரக் கதவுல ஓட்ட கீது. அல்லாரும் வவுத்த புடிச்சிகினு சிரிச்சாங்கோ. நீ ஒருத்திதான் செவுத்தாண்ட நின்னு அழுதுகினு இருந்த. போ, மூஞ்ச கழுவு."